ஓய்ந்திருக்கும் கணினிகளும் கூட்டுறவு முறையும்

பாவு ஏறாத தறி நெசவாளிக்குக் கூலி தருவதில்லை. உழவு இல்லாத நாளில் கொட்டிலில் நிற்கும் காளைகளுக்கும் தீனி வைத்தே ஆகவேண்டும். உழைப்புக் கருவி எதுவாயினும் அது சும்மா இருக்கும் காலம் உடையவருக்கு நஷ்டமே. அந்நஷ்டத்தைத் தனியொருவர் தவிர்ப்பது கடினம். பலர் கூடினால் எளிது. தமக்கு வேலையில்லாத நாளில் ஒருவருடைய ஏர் அடுத்தவர் நிலத்தில் உழுவதும், பொதுக்கிணற்று நீரை முறை வைத்துப் பாய்ச்சுவதும், கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு முன்பே நம் கிராமங்கள் அறிந்திருந்த வழக்கங்களாகும்.

இன்று நம் சங்க அலுவலகங்களில் மேசைக் கணினி என்னும் கருவி வந்து அமர்ந்துள்ளது. பட்டியல் போடவும், அங்கத்தினர் கணக்கை எழுதவும், கடிதம் அச்சிடவும் அது பயன்படுகின்றது. நாளில் ஏழெட்டு மணி நேரம் அது இயங்கினாலும், அதன் ஆற்றலில் மிகச் சிறு பகுதியே செலவாகின்றது. எழுத்தர் ஓர் எண்ணை அழுத்தி அடுத்த எண்ணைத் தேடும் அந்தச் சில விநாடிகளில் கணினி கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடிக்கவல்லது. அதன் ஹார்டு டிஸ்கிலும் பெரும்பகுதி வெற்றிடமாகவே கிடக்கின்றது.

இந்த ஓய்வு நேரத்தையும் வெற்றிடத்தையும் பலர் ஒன்றுகூட்டிப் பயன் பெற இயலுமா என்ற கேள்வி புதியதன்று. மேல்நாடுகளில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது சோதிக்கப்பட்டு வந்துள்ளது. சில முயற்சிகள் வியக்கத்தக்க வெற்றி கண்டன, சில மூடப்பட்டன. அந்த அனுபவங்களை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொண்டால், எதை ஏற்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று தாமே தீர்மானிக்க இயலும்.

மேகம் என்பது யாது?

‘மேகக் கணிமை’ என்ற சொல்லைப் பலரும் கேட்டிருப்பர். வானத்து மேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரிய கட்டடம் ஒன்றில் ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி, இரவும் பகலும் மின்சாரமும் குளிர்ச்சியும் தந்து, அவற்றின் ஆற்றலையும் இடத்தையும் இணையத்தின் வழியாக வாடகைக்கு விடுவதே இம்முறையாகும். அமேசான் நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் இத்தகைய சேமிப்புச் சேவையையும் கணக்கீட்டுச் சேவையையும் தொடங்கிற்று. பின்னர் பிற நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. நம் கோப்பு ‘மேகத்தில்’ இருக்கிறது என்றால், வேறொருவருடைய கணினியில் வாடகைக்கு இருக்கிறது என்பதே பொருள்.

அப்படியாயின், ஏற்கெனவே பலரிடமும் இருக்கும் கணினிகளைக் கொண்டே அத்தகைய மேகத்தை ஏன் அமைக்கலாகாது? இந்த எண்ணம் வாடகை மேகத்தைவிட மூத்தது.

மாடிசன் நகரத்துச் சோதனை

1970 ஆம் ஆண்டுகளின் இறுதியில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் சுமார் நூறு கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. ஜான் ஷாக், ஜான் ஹப் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், இரவில் ஓய்ந்திருக்கும் கணினிகளைத் தானே தேடிச் சென்று வேலை செய்யும் நிரல் ஒன்றை இயற்றினர். அதற்குப் ‘புழு’ என்று பெயர் வைத்தனர். ஓர் இரவு அதைச் சிறிதளவே ஓடவிட்டுச் சென்றனர். காலையில் வந்து பார்த்தபோது, நிரல் பழுதுற்றுப் பரவி, கணினிகள் பல செயலற்று நின்றன. மீண்டும் இயக்கினால் புழு மீண்டும் புகுந்தது. அதை நிறுத்தும் வழியையும் அவர்கள் முன்கூட்டியே வகுத்திருந்ததால் நிலைமை சீராயிற்று. இவ்வனுபவத்தை அவர்கள் 1982 இல் கட்டுரையாக வெளியிட்டனர். பிறர் கருவியில் வேலை செய்யும் எதற்கும் நிறுத்தும் கயிறு ஒன்று இருந்தாக வேண்டும் என்ற பாடத்தை அது உலகுக்குத் தந்தது.

அடுத்த முக்கியமான படி விஸ்கான்ஸின் மாநிலத்தின் மாடிசன் நகரப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கே மிரான் லிவ்னி என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் ‘காண்டார்’ என்ற அமைப்பை உருவாக்கி, 1988 இல் அதன் பயனை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தவை 23 கணினிகளே. ஒவ்வொன்றும் ஒரு பேராசிரியருக்கோ மாணவருக்கோ உரியது. ஒரே மாதத்தில் ஏறக்குறைய 1,000 வேலைகள் ஓய்ந்திருந்த கணினிகளில் நடைபெற்றன. சுமார் 200 கணினி நாட்களின் உழைப்பு கிடைத்தது. 23 கணினிகளுக்கு மாதத்தில் 690 நாட்கள் என்று கொண்டால், ஏறத்தாழ முப்பது சதவீத உழைப்பு புதிய முதலீடு ஏதுமின்றிக் கிடைத்ததாகும்.

இதனினும் கவனிக்கத்தக்கவை அவர்கள் வகுத்த விதிகளாகும். முதல் விதி, உடையவரே முதல்வர் என்பது. உடையவர் வந்து விசையைத் தொட்டதும், விருந்தாக வந்த வேலை உடனே எழுந்து இடம் விடவேண்டும். இரண்டாவது விதி, எழுந்து சென்ற வேலை வீணாகலாகாது என்பது. எது வரை முடிந்ததோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, வேறொரு கணினியில் விட்ட இடத்திலிருந்து அது தொடரும். மூன்றாவது விதி பங்கீட்டைப் பற்றியது. ஓயாமல் வேலை கொடுப்பவர் எல்லாக் கணினிகளையும் கைப்பற்றிக்கொண்டால், எப்போதோ ஒரு முறை வேலை கொண்டுவருபவர் காத்துக் கிடக்க நேரும். ஆகவே, ஒருவர் பிறர் கணினிகளைப் பயன்படுத்தப் பயன்படுத்த அவருடைய முன்னுரிமை குறையும். காத்திருப்பவருக்கு முன்னுரிமை ஏறும். முறைநீர்ப் பாசனம் அறிந்த நம் உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த அமைப்பு 2012 இல் ‘எச்.டி. காண்டார்’ என்று பெயர் மாற்றம் பெற்று இன்றும் உலகின் பல ஆராய்ச்சி நிலையங்களில் பணியாற்றி வருகின்றது.

உலகளாவிய உழைப்புத் தானம்

ஒரு பல்கலைக்கழகத்துக்குள் நடந்ததை உலகெங்கும் நடத்திக் காட்டியது ‘ஸெடி அட் ஹோம்’ என்னும் திட்டம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே 17 இல் இதைத் தொடங்கிற்று. போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரெசிபோ என்னும் மாபெரும் வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த அலைகளில், வேற்றுலக அறிவுயிர்களின் குறி ஏதேனும் உண்டா என்று தேடுவதே நோக்கம். பதிவுகளைச் சிறு துண்டுகளாக்கி வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினர். ஒரு துண்டில் இருந்தது 107 விநாடிப் பதிவே. உடையவர் கணினியைத் தொடாதபோது அது கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தனர். வேற்றுலகச் செய்தி எதுவும் கிட்டவில்லை. 2020 மார்ச் 31 உடன் புதிய வேலை அனுப்புவது நிறுத்தப்பட்டது.

ஆயினும் அது காட்டிய வழியில் வேறு திட்டங்கள் கண்கூடான பயன் தந்தன. 2005 இல் தொடங்கிய ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்தில், 2010 ஆம் ஆண்டு புதிய துடிப்பு விண்மீன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும் இருந்த சாதாரண மக்களின் கணினிகளே அதைக் காட்டிக் கொடுத்தன. 2000 ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’, நோய்களுக்குக் காரணமான புரதங்கள் மடியும் விதத்தை ஆராய்வதாகும். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று பரவியபோது உலகெங்குமிருந்து மக்கள் இதில் திரண்டு சேர்ந்தனர். அக்கணினிகளின் கூட்டு வேகம் விநாடிக்குப் பத்தாயிரம் கோடிக் கோடிக் கணக்குகளைத் தாண்டிற்று. தனியொரு மாபெரும் கணினி அந்த எல்லையை முறையான சோதனையில் எட்டியதாக அறிவிக்கப்பட்டது 2022 மே மாதத்தில்தான்.

இதிலும் ஒரு படிப்பினை உண்டு. அந்த மார்ச் மாதத்தில் உதவிக்கு வந்த கணினிகள் பலவற்றுக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. வேலையைப் பிரித்தளிக்கும் மைய சர்வர்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. தறிகள் பெருகினாலும், நூல் வழங்கும் பண்டகசாலை வளராவிடில் தறிகள் காத்துத்தான் நிற்கும்.

எவ்வேலை பொருந்தும்?

ஒரே பாவைப் பத்து ஊர்களில் பிரித்து நெய்ய இயலாது. பத்துப் பாவுகளைப் பத்து ஊர்களில் நெய்யலாம். ஓய்ந்திருக்கும் கணினிகளுக்குத் தரும் வேலையும் அவ்வாறே இருக்கவேண்டும். ஒரு துண்டின் விடைக்காக மற்றொரு துண்டு காத்திருக்கலாகாது. அனுப்பும் சரக்கு குறைவாகவும் அதன்மீது செய்யும் கணக்கு மிகுதியாகவும் இருக்கவேண்டும். இல்லையேல் உழைப்பைவிட வண்டிச் சத்தம் அதிகமாகும். விடை இன்றே இப்போதே வேண்டும் என்ற அவசரமும் இருத்தல் ஆகாது.

மற்றொன்று நம்பிக்கையைப் பற்றியது. முன்பின் அறியாதவர் கணினியிலிருந்து வரும் விடை சரியானதா? ஸெடி திட்டத்தில் தம் பெயருக்கு அதிக உழைப்பு பதிவாக வேண்டும் என்பதற்காகப் பொய் விடை அனுப்பியவர்களும் இருந்தனர். ஆகவே ஒரே துண்டை ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு அனுப்பி, விடைகள் ஒத்தால் மட்டுமே ஏற்றனர். இது தணிக்கையன்றி வேறில்லை. இதனால் உழைப்பில் பாதி சோதனைக்கே செலவாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

நம் சங்கங்களின் அன்றாடக் கணக்குக்கு இத்தகைய பேராற்றல் தேவையில்லை. அதற்கு ஒரு கணினியே தாராளம். ஆதலால் கணக்கீட்டு ஆற்றலைப் பொறுத்தவரை நாம் கொடுப்பவராகலாமேயன்றி, கொள்பவராக வேண்டிய அவசியம் இப்போது இல்லை. ஆனால் சேமிப்பு வேறு விஷயம். அங்கே நமக்கு உண்மையான தேவை இருக்கிறது.

வெற்றிடத்தைப் பரிமாறிக்கொள்ளுதல்

சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் தோன்றிய ‘வூவாலா’ என்னும் சேவை 2008 இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தம் கணினியில் உள்ள வெற்றிடத்தை அளிப்பவருக்கு அதற்கு ஈடாக மேகத்தில் இடம் கிடைக்கும். அளித்த இடத்தை, கணினி இயங்கும் நேரத்தின் பங்கால் பெருக்கினால் வருவதே அவருக்குரிய இடமாகும். 100 ஜி.பி. அளித்து நாளில் பாதி நேரம் இயக்குபவருக்கு 50 ஜி.பி. கிடைக்கும். எவ்வளவு நேர்மையான பரிவர்த்தனை! ஆயினும் 2011 இல் அந்நிறுவனம் இந்த இடப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. 2015 இல் சேவையே மூடப்பட்டது. அமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும், அதைத் தொடர்வதா முடிப்பதா என்ற தீர்மானம் நிறுவனத்தின் கையில் இருந்ததேயன்றி, இடம் அளித்தவர்களின் கையில் இல்லை. இப்போதும் ‘ஸ்டோர்ஜ்’ போன்ற சேவைகள் வெற்றிடம் அளிப்பவருக்குப் பணம் தருகின்றன. அங்கும் விலையை நிர்ணயிப்பவர் நிறுவனத்தாரே.

இதற்கு மாறாக, ‘தஹோ லாஃப்ஸ்’ என்னும் மென்பொருள் 2007 முதல் எவரும் இலவசமாக எடுத்தாளுமாறு வெளியிடப்பட்டுள்ளது. தமக்குள் அறிமுகமான சிலர் தங்கள் கணினிகளை இணைத்துத் தாங்களே ஒரு சேமிப்பு மேகத்தை இதனால் அமைத்துக்கொள்ளலாம். கோப்பு நம் கணினியை விட்டு வெளியேறுமுன்பே சங்கேத எழுத்தாக மாற்றப்படும். பிறகு அது பத்துப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டுப் பத்துக் கணினிகளுக்குச் செல்லும். அவற்றுள் ஏதேனும் மூன்று கிடைத்தால் முழுக் கோப்பையும் மீட்கலாம். இப்பங்கு எண்ணிக்கைகளை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளவும் இயலும்.

மூன்று பங்கிலிருந்து முழுமையும் மீள்வது எவ்வாறு என்ற ஐயம் எழலாம். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒருவரிடம் 7 என்ற எண்ணையும், இரண்டாமவரிடம் 5 என்ற எண்ணையும், மூன்றாமவரிடம் அவற்றின் கூட்டுத்தொகையான 12 ஐயும் கொடுத்து வையுங்கள். எவரேனும் ஒருவர் சீட்டைத் தொலைத்துவிட்டாலும், எஞ்சிய இருவரின் எண்களைக் கொண்டு தொலைந்ததை அறியலாம். இரண்டு எண்களையும் இரட்டிப்பாக எழுதி வைத்தால் நான்கு சீட்டுகள் வேண்டும். இங்கே மூன்றே போதுமாயின. இதே தத்துவத்தை விரித்து, குறித்த அளவுக்குள் பல பங்குகள் போனாலும் எஞ்சியவற்றால் மீட்கும் கணித முறையை இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் என்னும் இருவர் 1960 இல் வெளியிட்டனர்.

இரவில் பூட்டப்படும் அலுவலகம்

இந்த ஏற்பாட்டை வாடகை மேகத்துக்கு ஈடாக எண்ணிவிடலாகாது. தரவு மையம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடை. நம் அலுவலகங்களோ மாலையில் ஒரே நேரத்தில் பூட்டப்படுபவை. எல்லாக் கணினிகளும் ஒன்றாக உறங்கிவிட்டால், பங்கு மூன்றாயினும் முப்பதாயினும் இரவில் ஒன்றும் கைக்கு எட்டாது. எந்நேரமும் அங்கத்தினர் தொட்டுப் பார்க்க வேண்டிய சேவைக்கு இது உதவாது.

ஆனால் காப்புப் பிரதிக்கு அந்தக் குறை பொருட்டில்லை. தீயிலோ வெள்ளத்திலோ கணக்கு அழிந்துபோனால் அதை மறுநாள் காலை மீட்டாலும் போதும்; என்றென்றைக்குமாக இழக்காமல் இருப்பதே முக்கியம். மேலும், பங்குகளை அனுப்பும்போது கணினிகள் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். எல்லா அலுவலகங்களும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது அதற்கு வசதியாகவே அமைகின்றது.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வந்த பெருவெள்ளங்களை நாம் மறக்கவில்லை. தரைத்தளத்து அறையில் இருக்கும் கணினியும், அதன் அருகிலேயே அலமாரியில் வைத்த பிரதியும் ஒரே நீரில் மூழ்கும். 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்னும் தீய நிரல் உலகின் பல நாடுகளில் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதும் நினைவிருக்கும். அங்கத்தினரின் பங்குத்தொகை, சிக்கனச் சேமிப்பு, கடன் பாக்கி, கூலி நிலுவை ஆகியவற்றின் விவரம் அழிந்தால், நஷ்டம் ஒரு கணினியின் விலையோடு நில்லாது. எவருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதே வழக்காகிவிடும்.

பத்துச் சங்கங்களின் கணக்கு

பத்துச் சங்கங்கள் சேர்ந்து இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சங்கத்தின் கணக்குக் கோப்புகளும் 3 ஜி.பி. அளவு என்று கொண்டால், பத்துப் பங்குகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 ஜி.பி. ஆகும். ஒவ்வொரு சங்கமும், தன் பங்கு உட்பட, பத்துச் சங்கங்களின் ஒவ்வொரு பங்கைத் தாங்கும். ஆகவே ஒரு சங்கம் ஒதுக்கவேண்டிய இடம் 10 ஜி.பி. மட்டுமே. 500 ஜி.பி. கொண்ட சாதாரண ஹார்டு டிஸ்கில் இது ஐம்பதில் ஒரு பங்கு. இதனால் கிடைக்கும் பாதுகாப்போ, ஏழு சங்கங்களின் கணினிகள் ஒருங்கே அழிந்தாலும் எஞ்சிய மூன்றிலிருந்து பத்துச் சங்கங்களின் கணக்கையும் மீட்கும் அளவினது. முதல்முறை அனுப்பும்போது, விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் சுமார் இரண்டேகால் மணி நேரம் ஆகும். பிறகு மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பினால் போதும்.

மின்சாரச் செலவையும் பார்க்கவேண்டும். ஓய்ந்திருக்கும் கணினி இலவசமாக உழைக்கும் என்பது தவறான எண்ணம். சும்மா இருக்கையில் 40 வாட்டும், முழுமூச்சாகக் கணக்குப் போடுகையில் 140 வாட்டும் இழுக்கும் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் முடிந்தபின் அதை அணைக்காமல் பத்து மணி நேரம் ஆராய்ச்சித் திட்டத்துக்கு உழைக்கவிட்டால், நாளொன்றுக்கு 1.4 யூனிட் செலவாகும். மாதம் 25 நாட்களுக்கு 35 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 280 ரூபாய். பகலில் எப்படியும் இயங்கும் கணினியின் இடைவேளைகளில் உழைக்கவிட்டால், கூடுதல் செலவு அந்த 100 வாட் வித்தியாசம் மட்டுமே. காப்புப் பிரதிக்கோ கணினி கடினமாக உழைக்க வேண்டியதில்லை. அதற்கெனத் தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாக விழித்திருந்தாலும் மாதத்துக்கு 2 யூனிட், அதாவது 16 ரூபாயே ஆகும். விஞ்ஞானத்துக்கு உழைப்பைத் தானம் செய்வது நற்செயலே. ஆயினும் அந்த மின்கட்டணம் சங்கத்தின் பொது நிதியிலிருந்து போகிறது என்பதால், அது அங்கத்தினர் அறிந்து இசைந்த தானமாக இருக்கவேண்டும்.

கவனிக்க வேண்டிய அபாயங்கள்

அனுமதியின்றிச் செய்த தானம் குற்றமாகவும் முடியும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கல்லூரி ஒன்றின் கணினிப் பணியாளர் நிர்வாகத்தின் இசைவு பெறாமல் அங்கிருந்த கணினிகளில் இத்தகைய கூட்டுக் கணக்கீட்டு நிரலை நிறுவினார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 2002 இல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,100 டாலர் ஈட்டுத் தொகையும் விதிக்கப்பட்டன. அவருடைய நோக்கம் தீயதன்று. கருவி அவருடையதன்று என்பதே குற்றம்.

வேறுவகை ஆட்களும் உண்டு. 2017 முதல் 2019 வரை ‘காயின்ஹைவ்’ என்ற நிரல் பல வலைத்தளங்களில் பொருத்தப்பட்டிருந்தது. அத்தளங்களைப் பார்க்க வந்தவர்களின் கணினிகளைக் கொண்டு, பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாமலே, மின்னணு நாணயம் ஈட்டப்பட்டது. ஆதாயம் தளத்தாருக்கு, மின்கட்டணம் பார்க்க வந்தவருக்கு. ‘உங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை எங்களிடம் தாருங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்’ என்று வரும் அழைப்புகளை நம் காரியதரிசிகள் மிகுந்த எச்சரிக்கையோடு நோக்கவேண்டும். முன்பின் அறியாத நிரலுக்கு இடம் தந்த கணினியில் அங்கத்தினர் கணக்கும் இருக்குமாயின், அது பெட்டகத்துச் சாவியைத் தெருவில் போட்டதற்கு ஒப்பாகும்.

நாம் வகுத்துக்கொள்ள வேண்டிய விதிகள்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூனில் இசைவளித்தது. 63,000 சங்கங்களுக்கென 2,516 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்ட அத்திட்டம், மேகத்தில் அமைந்த பொது மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய ஏற்பாட்டில் உள்ள சங்கங்கள் துறையின் இசைவின்றித் தனி வழி தேடலாகாது. தம் கணினியிலேயே கணக்கு வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்களும், விளைபொருள் சங்கங்களும், கூட்டுக் காப்பு முறையைப் பற்றித் தம் மேற்பார்வை அதிகாரிகளோடு கலந்து யோசிக்கலாம். 2023 இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

முதலாவதாக, பொதுப் பேரவையில் விளக்கித் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே தொடங்கவேண்டும். இரண்டாவதாக, சேரும் பத்துச் சங்கங்களும் ஒரே ஆற்றங்கரையில் இருத்தலாகாது. வெவ்வேறு மாவட்டங்களில் இருப்பதே காப்பு. மூன்றாவதாக, சங்கேதம் ஆக்கப்படாத கோப்பு எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியேறலாகாது. நான்காவதாக, சங்கேதத்தைத் திறக்கும் சாவிச்சொல்லைத் தாளில் எழுதி முத்திரையிட்ட உறையில் வைத்து, ஒன்றைச் சங்கப் பெட்டகத்திலும் மற்றொன்றை வேறிடத்திலும் காக்கவேண்டும். சாவி தொலைந்தால் பத்துப் பங்குகளும் வெறும் குப்பையே. ஐந்தாவதாக, புதிய பிரதி வந்ததும் பழையதை அழித்துவிடாமல் சில மாதப் பிரதிகளையாவது வைத்திருக்கவேண்டும். தீய நிரலால் கெட்ட கோப்பு நல்ல கோப்பின் இடத்தைப் பிடித்துவிடாதிருக்க இதுவே வழி. ஆறாவதாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் பங்குகளைத் திரட்டி, கணக்கை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்கவேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி, அளந்து பார்க்காத நெல்லைப் போன்றது. இவற்றைப் பொருத்தி நடத்த இணைய அமைப்பில் தேர்ந்தவர் ஒருவர் தேவை. பத்துச் சங்கங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டால் அத்தகையவரை அமர்த்துவது பாரமாகாது.

மாடிசன் நகரத்தில் 23 கணினிகளைக் கொண்டு வகுத்த விதிகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். உடையவருக்கு முதலிடம், செய்த உழைப்பு வீணாகாமை, மிகுதியாக எடுத்தவர் காத்திருப்பவருக்கு வழிவிடுதல் ஆகிய இவை கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளைப் போலவே இல்லையா? மக்களின் கருவிகளை ஒன்றுசேர்த்த திட்டங்களுள் நீடித்து நின்றவை நோக்கத்தைப் பொதுவாக வைத்துக் கணக்கைத் திறந்து காட்டியவையே. இடம் தந்தவருக்குத் தீர்மானத்தில் இடமில்லாத வூவாலாவின் பரிமாற்றம் மூன்று ஆண்டுகளில் முடிந்தது.

ஆகவே, ஓய்ந்திருக்கும் கணினியை வருவாய்க்கு வழியென்று எவரேனும் கூறினால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். அது பக்கத்துச் சங்கத்தின் கணக்கைக் காக்கும் அரணாகலாம். பக்கத்துச் சங்கத்தின் கணினி நம் கணக்குக்கு அரணாகலாம். சங்கத்துக்குச் சங்கம் துணைநிற்பது கூட்டுறவு இயக்கத்தின் பழைய கொள்கை. அதை நடைமுறைப்படுத்த 10 ஜி.பி. இடமும் மாதம் இரண்டு யூனிட் மின்சாரமும் போதும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்த்து, நம் சங்கங்கள் யோசித்து முடிவு செய்யுமாக.